ஒரு கிண்ணம், ஓர் ஊர்: சிற்றூர் ராமென் கடையில் உண்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கோயம்புத்தூர் மாவட்டத்தை ஒட்டி அமைந்த ஊராட்சி வடகரப்பதி. மலையின் மழைமறைவில் அமைந்த இவ்வறண்ட நிலப்பகுதியில் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ் வழங்குகிறது. இங்கிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால், எலப்புள்ளி ஊராட்சியைச் சேர்ந்த ராமசேரி என்னும் சிற்றூரை அடையலாம். பாலக்காட்டு நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூரின் பெயரைக் கேட்டதும் இப்பகுதி மக்களுக்கு நினைவில் எழுவது ஒரே பண்டம்: ராமசேரி இட்லி.

அது நாம் அன்றாடம் காணும் குண்டு இட்லி அன்று. தோசையைப் போலத் தட்டையாகவும் பஞ்சைப் போல மென்மையாகவும் இருப்பது. மண்பானையின் வாயில் பொருந்தும் வளையத்தில் நூலால் வலை பின்னி, அதன்மேல் துணி விரித்து, மாவை ஊற்றி, விறகடுப்பில் ஆவியில் வேகவைக்கிறார்கள். தேங்காயெண்ணெயில் குழைத்த பொடியுடன் அதை உண்பது வழக்கம். தமிழகத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடிபெயர்ந்து வந்த முதலியார் குடும்பத்தினர் இதனைச் செய்து வருகின்றனர்; தம் முன்னோர் காஞ்சிபுரத்து நெசவாளர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. இன்று அக்கலையைத் தொடர்ந்து நடத்தும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

ஒரே ஊர், ஒரே பண்டம், சில குடும்பங்கள், அதை உண்பதற்காகவே வெளியூரிலிருந்து வரும் மக்கள். இத்தகைய ஊர்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் ஒன்றை இக்கட்டுரையில் நாம் சென்று காண்போம். ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில், ஃபுகுஷிமா மாநிலத்தில் அமைந்த கித்தகத்தா என்னும் சிறிய நகரம் அது. அங்கே இட்லியின் இடத்தில் இருப்பது ராமென் என்னும் கோதுமை இழைச் சாறு. வேலைக்காகவோ கல்விக்காகவோ சுற்றுலாவுக்காகவோ ஜப்பான் செல்லும் நம் வாசகர்களுக்கு, அங்குள்ள சிற்றூர்க் கடையில் நுழைந்து உண்ணும் முறையை விளக்குவது நம் முதல் நோக்கம். அக்கடை இன்று எதிர்நோக்கும் நெருக்கடியைப் பார்க்கும்போது, நம் ஊர்க் கடைகளின் நிலையும் கூடவே விளங்கும்.

வந்தவர் தந்த உணவு

ராமென் இன்று ஜப்பானின் அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டாலும், அதன் வேர் சீனத்தில் உள்ளது. துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர்கள் கொண்டுவந்த கோதுமை இழை உணவே நாளடைவில் ஜப்பானிய நாவுக்கு ஏற்ப மாறியது. 1910-ஆம் ஆண்டு தோக்கியோவின் அசாகுசா பகுதியில் தொடங்கப்பட்ட ரைரைக்கென் என்னும் கடை, இவ்வுணவைப் பொதுமக்களிடையே பரப்பிய முன்னோடிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. சுங்கத் துறையில் பணியாற்றிய ஒருவர், யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களை அழைத்துவந்து அக்கடையை நடத்தினார். 1958-இல் மொமொஃபுகு ஆண்டோ உடனடி ராமெனை அறிமுகப்படுத்தியபின் அப்பெயர் உலகெங்கும் பரவியது. நம் வீடுகளில் குழந்தைகள் விரும்பும் இரண்டு நிமிட நூடுல்ஸ் வகைகளுக்கு அந்தக் கண்டுபிடிப்பே மூலம்.

கித்தகத்தாவுக்கு இவ்வுணவு வந்த வரலாறும் ஒரு குடியேற்ற வரலாறே. 1920-களில் சீனத்தின் செஜியாங் பகுதியிலிருந்து வந்த பான் கின்செய் என்பவர் அவ்வூரில் தள்ளுவண்டியில் இழைச் சாறு விற்கத் தொடங்கினார். அவர் நிறுவிய கென்ரைக்கென் என்னும் கடை ஊரின் முதல் ராமென் கடையாகக் கருதப்படுகிறது. தம்மிடம் கேட்டு வந்தவர்களுக்குச் செய்முறையை அவர் மறைக்காமல் கற்பித்தார் என்று அவ்வூரில் சொல்லப்படுகிறது. 2020-இல் ஏறத்தாழ 45,000 மக்கள் வாழ்ந்த அந்நகராட்சியில் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ராமென் கடைகள் இருந்தன.

ஊரின் இயற்கையும் அதற்குத் துணை நின்றது. மலைப்பனி உருகி வரும் நல்ல நீரால் அவ்வூரில் அரிசி மது, சோயா சாறு, மிசோ ஆகியவற்றைக் காய்ச்சும் தொழில்கள் செழித்தன. அப்பொருள்களைச் சேமிக்கக் கட்டப்பட்ட தடித்த சுவர்க் கிடங்குகள் ஆயிரக்கணக்கில் அங்கு உள்ளன. 1970-களில் புகைப்படங்களும் தொலைக்காட்சியும் அக்கிடங்குகளை நாடறியச் செய்தன. கிடங்குகளைக் காண வந்தவர்கள் மதிய வேளையில் ராமென் உண்டனர். நாளடைவில் ராமென் உண்ணவே மக்கள் வரலாயினர்.

கிண்ணத்தில் இருப்பவை

எந்த ஊர் ராமெனாக இருந்தாலும் அதில் ஐந்து உறுப்புகள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால் எதை உண்கிறோம் என்ற தெளிவு பிறக்கும்.

முதலாவது சாறு. பன்றி எலும்பு, கோழி எலும்பு, கருவாடு, கடற்பாசி, காய்கள் ஆகியவற்றைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து இறக்குவது இது. கித்தகத்தாவில் பன்றி எலும்புச் சாறுடன் நிபோஷி என்னும் உலர்ந்த சிறுமீன் சாற்றைக் கலப்பர். நிபோஷியைப் பெரும்பாலும் நெத்திலி இனத்து மீனிலிருந்து செய்கிறார்கள். நம் நெத்திலிக் கருவாட்டுக்கு உறவு என்று கொள்ளலாம்.

இரண்டாவது தாரே என்னும் சுவைக்கூட்டு. கிண்ணத்தின் அடியில் முதலில் ஊற்றப்படும் இச்செறிந்த உப்புக் கூட்டே சாற்றுக்கு உப்பும் நிறமும் தருகிறது. சோயா சாறு, உப்பு, மிசோ என அதன் அடிப்படை மாறும்போது ராமெனின் பெயரும் மாறும். கித்தகத்தாவில் பெரும்பாலும் சோயா சாற்று வகையே கிடைக்கும்.

மூன்றாவது மணம் தரும் எண்ணெய். தாளிப்பு நம் சாம்பாருக்குச் செய்வதைச் சாற்றின்மேல் மிதக்கும் இந்த எண்ணெய் ராமெனுக்குச் செய்கிறது.

நான்காவது இழை. கோதுமை மாவு, உப்பு, நீர் ஆகியவற்றுடன் கன்சுய் என்னும் காரநீரைச் சேர்த்துப் பிசைவதே ராமென் இழையின் தனித்தன்மை. நம் அப்பள மாவில் சேர்க்கும் அப்பளக்காரமும் இந்தக் காரநீரும் வேதியியல் முறையில் ஓரினம். அப்பளக்காரம் இன்றேல் அப்பளத்துக்கு அதன் சுவையும் பதமும் வாரா. அவ்வாறே கன்சுய் இன்றேல் ராமென் இழைக்கு மஞ்சள் நிறமும் மீள்தன்மையும் இல்லை. கித்தகத்தா இழை அகன்று, தட்டையாக, சுருண்டு இருக்கும். நீரை மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்து ஆறவைப்பதால் மெல்லும்போது நெகிழ்ந்து கொடுக்கும்.

ஐந்தாவது மேலே வைக்கும் பொருள்கள். மெல்ல வேகவைத்த பன்றியிறைச்சித் துண்டுகள், நறுக்கிய வெங்காயத்தாள், பதப்படுத்திய மூங்கில் குருத்து, மீன் பிட்டால் செய்த வட்டத் துண்டு ஆகியன வழக்கமானவை.

கடைக்குள் நுழையுமுன்

கடை வாயிலில் துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்பது பொருள். நோரென் எனப்படும் அத்திரையை உள்ளே எடுத்துவிட்டால் வணிகம் முடிந்தது. பலகையில் எழுதியுள்ள நேரம் முடியாவிட்டாலும், அன்று காய்ச்சிய சாறு தீர்ந்தவுடன் திரையை எடுத்துவிடும் கடைகள் பல. சாற்றில் வெந்நீரைக் கூட்டி இன்னும் சிலருக்குப் பரிமாறும் வழக்கம் அங்கில்லை. ஆகவே சிற்றூர்க் கடைக்குக் காலந்தாழ்த்திச் செல்வது உகந்ததன்று.

கித்தகத்தாவில் காலையிலேயே செல்லலாம் என்பது ஒரு சிறப்பு. காலை ராமென் என்று பொருள்படும் 'அசாரா' அவ்வூரின் பழக்கம். இரவுப் பணி முடித்துவந்த ஆலைத் தொழிலாளரும், விடியற்காலை வயலில் உழைத்துவிட்டு வந்த உழவரும் உண்ட உணவு அது என்பர். காலை 7 மணிக்கே சில கடைகளில் ஆவி பறக்கும். விடிந்ததும் இட்லிக் கடையை நாடும் நமக்கு இதில் வியப்பில்லை.

பல கடைகளில் வாயிலருகே சீட்டு இயந்திரம் ஒன்று நிற்கும். பணத்தை இட்டு, வேண்டிய உணவின் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதைக் கடைக்காரரிடம் நீட்ட வேண்டும். படங்கள் இல்லாத இயந்திரமாயின், மேல் வரிசையில் இடது ஓரத்துப் பொத்தான் பெரும்பாலும் அக்கடையின் முதன்மை உணவாக இருக்கும். இயந்திரம் இல்லாத கடைகளில் உண்டபின் பணம் செலுத்துவது முறை.

பணம் குறித்துச் சில செய்திகளை நம் வாடிக்கையாளர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஜப்பானின் பெருநகரங்களில் அட்டையும் கைபேசியும் செல்லுபடியாகும்; சிற்றூர்க் கடைகளிலோ ரொக்கமே கேட்கப்படுவது இன்றும் இயல்பு. பழைய சீட்டு இயந்திரங்கள் ஆயிரம் யென் தாளையும் நாணயங்களையும் மட்டுமே ஏற்கும். பத்தாயிரம் யென் தாளுடன் சென்று திகைத்து நிற்பதைத் தவிர்க்க, முன்னரே சில்லறை மாற்றிக்கொள்வது நலம். வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும் ஏடிஎம்கள் பல அங்காடிகளில் உள்ளன. ஆயினும் இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு, வாடிக்கையாளர் தாமே இயக்கினால்தான் செயற்படும். ஊரைவிட்டுப் புறப்படுமுன் வங்கிச் செயலியிலோ கிளையிலோ அதனை இயக்கி, நாள் வரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். ரூபாயில் கணக்கிடவா, யென்னில் கணக்கிடவா என்று இயந்திரம் வினவினால் யென்னைத் தேர்வதே பெரும்பாலும் மலிவு. ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அவ்விடத்து நிறுவனமே முடிவு செய்யும்.

இருக்கையில் அமர்ந்தபின்

சிறிய கடையில் அடுப்பை நோக்கி அமைந்த நீண்ட பலகையும் பத்துப் பன்னிரண்டு இருக்கைகளும் இருக்கலாம். தண்ணீரை நாமே எடுத்துக்கொள்வது பல கடைகளில் வழக்கம். கிண்ணம் வந்ததும் இழை ஊறத் தொடங்கிவிடும். அதன் பதம் சில நிமிடங்களே நிலைக்கும். ஆகவே படம் எடுப்பதாயின் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு உண்ணத் தொடங்குவதே சமைத்தவருக்குச் செய்யும் மரியாதை.

முதலில் சாற்றை ஒரு கரண்டி சுவைப்பர். பின்னர் குச்சிகளால் இழையை எடுத்து, ஒலி எழ உறிஞ்சி உண்பர். உண்ணும்போது ஒலியெழுப்பலாகாது என்று கற்று வளர்ந்த நமக்கு இது கூச்சமாகத் தோன்றலாம். ஆனால் காற்றுடன் சேர்த்து உறிஞ்சும்போது சூடு தணிகிறது, மணமும் மூக்கை எட்டுகிறது. ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உறிஞ்ச இயலாதவர் அமைதியாக உண்டாலும் யாரும் குறை கூறார். குச்சிகளை உணவில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் அங்கு இறுதிச் சடங்குகளை நினைவூட்டுவன. அவ்விரண்டை மட்டும் தவிர்க்க வேண்டும்.

அன்பளிப்பாகப் பணம் வைக்கும் வழக்கம் இல்லை. வைத்தால் மறந்து விட்டுச் சென்றதாகக் கருதிப் பின்னால் ஓடிவந்து கொடுப்பர். உண்டு முடித்ததும் கிண்ணத்தை முன்பலகையின் மேல் ஏற்றி வைத்து, 'கொச்சிசோசாமா' என்று சொல்லி எழுந்துவிட வேண்டும். விருந்துக்கு நன்றி என்பது அதன் கருத்து.

சைவ உணவு உண்போருக்கு

இப்பகுதியில் நம் வாசகர் பலருக்குத் தயக்கம் இருக்கும், அது நியாயமானது. மேலே வைக்கும் இறைச்சியை நீக்கிவிட்டால் ராமென் சைவ உணவாகிவிடாது. எலும்பும் மீனும் சாற்றிலேயே உள்ளன. காய்கறி ராமென் என்று எழுதியிருப்பினும், காய்கள் மிகுதி என்பதே பொருள். சாறு பெரும்பாலும் அதே எலும்புச் சாறு. மிசோ வகைக்கும் இது பொருந்தும். சில இழைகளில் முட்டையும் சேரும். பன்றியிறைச்சியை விலக்கும் இசுலாமிய அன்பர்களும் இதே காரணத்தால் கவனம் கொள்ள வேண்டும்.

பெருநகரங்களில் முழுச் சைவ ராமென் கடைகளும் ஹலால் கடைகளும் உள்ளன. சிற்றூரில் அவை அரிது. ஒரே அண்டாவில் ஒரே சாறு காய்ச்சும் சிறு கடைக்காரரிடம் அதைச் சைவமாக மாற்றித் தருமாறு கேட்பதில் பயனில்லை. இறைச்சி, எலும்பு, மீன் ஆகியவற்றை உண்பதில்லை என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டொன்றைக் கையில் வைத்திருந்து, நுழையும்போதே காட்டி, இல்லை என்றால் வணங்கி விடைபெறுவது இருவருக்கும் நல்லது.

ஆயிரம் யென் சுவர்

இனி, அந்தக் கிண்ணத்தின் விலைக்கு வருவோம். ஒரு கிண்ணம் ராமென் ஆயிரம் யென்னைத் தாண்டினால் மக்கள் வாங்கமாட்டார்கள் என்னும் அச்சம் ஜப்பானியக் கடைக்காரர்களிடையே நெடுநாளாக உண்டு. 'ஆயிரம் யென் சுவர்' என்றே அதற்குப் பெயர். அண்மைக்கால மாற்று விகிதத்தில் அது 600 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நமக்கு அத்தொகை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் அந்நாட்டில் 2024-ஆம் நிதியாண்டுக்கான குறைந்தபட்சக் கூலியின் தேசியச் சராசரியே மணிக்கு 1,055 யென். ஒரு மணி நேரக் கூலியைவிட ஒரு கிண்ணத்தின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது.

இதற்கிடையே கோதுமை, இறைச்சி, எரிவாயு, கூலி ஆகிய நான்கும் உயர்ந்தன. விலையை உயர்த்தினால் வாடிக்கையாளர் குறைவர். உயர்த்தாவிட்டால் கையிருப்பு கரையும். தெய்கோக்கு தரவு வங்கி என்னும் கடன்தகுதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-இல் ஜப்பானில் நொடித்துப்போன ராமென் கடைத் தொழில்கள் 72. முந்தைய ஆண்டில் அவ்வெண்ணிக்கை 53. கடன் சுமையில்லாமல், முதுமையால் அமைதியாகத் திரையை எடுத்துவிட்ட கடைகள் இக்கணக்கில் சேரா.

அதே ஆண்டில் இன்னொரு செலவும் வந்து சேர்ந்தது. 2024 ஜூலை 3 அன்று ஜப்பான் புதிய பணத்தாள்களை வெளியிட்டது. பத்தாயிரம் யென் தாளில் இடம்பெற்றவர், 1873-இல் அந்நாட்டின் முதல் நவீன வங்கியை நிறுவியவர்களுள் முதன்மையான ஷிபுசாவா எய்இச்சி. வங்கித் துறைக்குப் பெருமை தரும் செய்திதான். ஆனால் பழைய சீட்டு இயந்திரங்கள் புதிய தாள்களை அறியா. இயந்திரத்தைத் திருத்தவோ புதிதாக வாங்கவோ வேண்டிய நிலை சிறு கடைக்காரருக்கு ஏற்பட்டது. சுவையைக் கூட்டாத, கிண்ணத்தைப் பெரிதாக்காத, ஆனால் தவிர்க்க முடியாத செலவு அது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்து இருக்கைகள் உள்ள கடை ஒன்று மதியம் மூன்று மணி நேரம் திறந்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் 20 நிமிடத்தில் உண்டு எழுந்தால் அந்நேரத்தில் அதிகபட்சம் 90 பேருக்குப் பரிமாறலாம். ஒவ்வொருவரும் கூடுதலாகப் பத்து நிமிடம் அமர்ந்து பேசினால் 60 பேருக்கே பரிமாற முடியும். கடை அதே கடை, வாடகை அதே வாடகை. மூன்றில் ஒரு பங்கு வருவாய் இல்லை. உண்டவுடன் எழுந்துவிடும் அவ்வூர்ப் பழக்கத்தின் பின்னே இந்தக் கணக்கு இருக்கிறது. விலையையும் அவ்வாறே பார்க்கலாம். நாளொன்றுக்கு 80 கிண்ணம் விற்கும் கடை, கிண்ணத்துக்கு 50 யென் மட்டும் உயர்த்தினால் ஒரு நாளைக்கு 4,000 யென், 25 வேலை நாள்களில் ஒரு லட்சம் யென் கூடும். வாடிக்கையாளருக்கு ஒரு நாணயமாகத் தெரிவது, கடைக்காரருக்கு ஓர் உதவியாளின் கூலியில் பெரும்பகுதியாக இருக்கலாம்.

பெயர் யாருக்கு உரியது?

ஓர் ஊரின் பண்டம் புகழ்பெற்றதும் அடுத்த சிக்கல் எழுகிறது. கித்தகத்தா என்னும் பெயரைத் தாங்கிய கடைகள் ஜப்பானின் பிற நகரங்களிலும் பெருகின. ஊர்க் கடைக்காரர்களின் சங்கம், அப்பெயரை வட்டாரக் கூட்டு வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முயன்றது. பதிவு மறுக்கப்பட்டது, 2010-இல் அறிவுசார் சொத்து உயர்நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதி செய்தது. ஊரிலுள்ள கடைகள் பல சங்கத்தில் சேராமல் இருந்ததும், வெளியூர்க் கடைகள் நெடுங்காலமாகவே அப்பெயரைப் பயன்படுத்தி வந்ததும் சங்கத்துக்கு எதிராக நின்றன. ஒன்றுபடத் தாமதித்ததற்கு ஊர் கொடுத்த விலை இது எனலாம்.

நம் நாட்டில் இதற்கு இணையான பாதுகாப்பு புவிசார் குறியீடு. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது வழங்கப்படுகிறது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019-லும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-லும் அதனைப் பெற்றன. தனியொருவர் இதைப் பெற முடியாது. உற்பத்தியாளர்களின் அமைப்போ சங்கமோ விண்ணப்பிக்க வேண்டும். செய்முறையையும், ஊருக்கும் பண்டத்துக்கும் உள்ள தொடர்பையும் சான்றுகளோடு எழுதித் தர வேண்டும். ஆகவே சிறு உணவுத் தொழில் செய்வோர் தங்கள் பண்டத்தின் வரலாற்றை, மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பதும், ஊரளவில் ஒரு சங்கமாகக் கூடுவதும் முதற்பணிகளாகும்.

மீண்டும் ராமசேரிக்கு

கித்தகத்தாவின் கண்ணாடியில் ராமசேரியைப் பார்த்தால் மூன்று செய்திகள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று, கை. ராமெனாயினும் இட்லியாயினும் செய்முறை எழுத்தில் அடங்குவதில்லை. மாவின் புளிப்பையும் அடுப்பின் சூட்டையும் கையே அறியும். விடியுமுன் எழுந்து விறகடுப்பின் முன் நிற்கும் வேலையைப் படித்த பிள்ளைகள் விரும்பாததில் பிழையில்லை. பெற்றோரும் அதை வற்புறுத்துவதில்லை. குடும்பத்துக்கு வெளியே கற்பிக்கும் மனம் இருந்தால் மட்டுமே கலை தொடரும். தள்ளுவண்டிக்காரரிடம் கற்றவர்களால்தான் கித்தகத்தா ராமென் ஊராயிற்று என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டு, கருவி. ராமசேரி இட்லிக்கு அதற்குரிய மண்பானை வேண்டும். அதை வனையும் குயவர் வேண்டும். ஒரு தொழில் நிலைக்க அதனருகே இன்னொரு தொழில் நிலைக்க வேண்டியிருக்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 கைத்தொழில்களுள் மண்பாண்டத் தொழிலும் ஒன்று. அதன்கீழ் பயிற்சியும், இரண்டு தவணைகளில் மூன்று லட்சம் ரூபாய் வரை 5 சதவீத வட்டியில் பிணையில்லாக் கடனும் கிடைக்கின்றன. சிறு உணவுக் கடை நடத்துவோருக்கு, 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டம் உள்ளது. அதில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் பிணையின்றிக் கடன் பெறலாம். தருண் கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியோர்க்கு அவ்வரம்பு 20 லட்சம் வரை உயரும்.

எனினும் கடன் பெறுமுன் கணக்கு வேண்டும். சிறு கடைக்காரர் பலர் கல்லாப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒன்றாகவே வைத்திருக்கின்றனர். நாள் முடிவில் மீதம் எவ்வளவு என்பது தெரியும். ஒரு தட்டுக்கு என்ன செலவாகிறது என்பது தெரியாது. அரிசி, உளுந்து, விறகு, எண்ணெய், வாடகை ஆகியவற்றோடு தம் உழைப்புக்கும் ஒரு கூலியை எழுதிப் பார்த்தால்தான் விலை சரியா என்பது விளங்கும். தம் கூலியை எழுதாமல் நிர்ணயித்த விலையில் வாரிசுக்கு இடமில்லை. அக்கடையில் நுழையும் மகனுக்கோ மகளுக்கோ கொடுக்க அதில் ஒன்றும் இருக்காது. கடைக்கெனத் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, கைபேசி வழியாக வரும் தொகையை அதில் சேர்த்து வந்தால், ஓராண்டில் அதுவே வருவாய்க்குச் சான்றாகும்.

மூன்று, உண்பவர். கடைக்காரர் விலையை உயர்த்த அஞ்சுவது நம் முகத்தைப் பார்த்துத்தான். பெரிய உணவகத்தில் கேள்வியின்றிக் கொடுக்கும் தொகையைச் சிறு கடையில் பேரம் பேசுவதும், இரண்டு ரூபாய் கூடியதற்கு முகம் சுளிப்பதும் நம்மிடையே உண்டு. ஆயிரம் யென் சுவரைக் கட்டியது ஜப்பானிய அரசன்று. நாள்தோறும் வந்து உண்ட மக்களே. நம் ஊரிலும் அத்தகைய சுவர்கள் உள்ளன. அவற்றைத் தணிப்பது நம் கையில் இருக்கிறது.

வடகரப்பதியிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ அடுத்த முறை ராமசேரிப் பக்கம் செல்ல நேர்ந்தால், காலையிலேயே செல்லுங்கள். ஆவி பறக்கும்போதே உண்ணுங்கள். கேட்ட விலையைக் கொடுத்து, வெளியே காத்திருப்பவருக்கு இடம் விட்டு எழுங்கள். புறப்படுமுன் அடுப்படியில் நிற்பவரிடம் நன்றாக இருந்தது என்று ஒரு சொல் சொல்லுங்கள். கித்தகத்தாவில் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பின்னர் ஒலிக்கும் சொல்லும் அதுவே.